மாமன் நட்ட கம்பு

புயல் போன மறுவருஷம் எங்கள் செம்பியன்புலத்தில் நிழல் என்று சொல்லிக்கொள்ள மின்கம்பத்தின் நிழல் ஒன்றுதான் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் அந்த ஒற்றை நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நிற்போம், வெயில் சாயச் சாய வரிசையும் சாய்ந்து சாய்ந்து கடைசியில் சலூன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும், சலூன்காரர் சத்தம் போடுவார், நாங்களும் பதிலுக்குப் போடுவோம். மாவும் பலாவும் புளியும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, துண்டு துண்டாக அறுபட்டு, லாரி ஏறிப் போய்விட்டன. காக்கைகளும் அவற்றின் பின்னாலேயே போய்விட்டன. அமாவாசைச் சோற்றை வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்படி இருக்கும்போதுதான் ஆளுயரக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு நாற்றுப்பண்ணை லாரி வந்தது. வீட்டுக்கு ஒரு கன்று, அதுவும் வீட்டிலுள்ள பெண்பிள்ளையின் பெயருக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்பிளை பெயருக்குக் கொடுத்தால் தண்ணீர் ஊற்றமாட்டான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், சொன்னவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். கூடவே வந்த தோட்டக்கலை ஆபீசரம்மா எங்கள் வீட்டு வாசலில் ஒரு கன்றை வைத்து எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தாள். காற்று வருகிற பக்கம் கம்பை ஊன்ற வேண்டும், பழைய புடவைத் துணியைக் கிழித்து எட்டுப் போட்டதுபோல் கம்பையும் கன்றையும் சுற்றிக் கட்ட வேண்டும், இறுக்கக் கூடாது. "கொஞ்சம் ஆட விடுங்க. ஆட ஆடத்தான் வேர் பிடிக்கும். தண்டு பருக்கப் பருக்கக் கட்டைத் தளர்த்தி விடுங்க. வருஷம் திரும்பினதும் கம்பை எடுத்துடணும், மறந்துடாதீங்க," என்றாள். நாங்கள் தலையை ஆட்டினோம். ஊர் முழுக்க அன்றே கம்பு ஊன்றியாயிற்று.

மறுநாள் உச்சி வெயிலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கெட்டித் தயிரிலிருந்து கரண்டியை எடுக்கிற மாதிரி, கம்புகள் எல்லாம் தாமாகவே மண்ணைவிட்டு மேலே வந்தன. வந்து, முடிச்சு அவிழாமல், துணி அறாமல், கன்றிலிருந்து விலகி, கன்றின் காலடியில் நீளவாக்கில் படுத்துக்கொண்டன. கன்றுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. பார்ப்பதற்கு வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தது.

நாங்கள் முதலில் கம்பைக் குறை சொன்னோம், பிறகு துணியைக் குறை சொன்னோம், பிறகு ஒருவர் வீட்டுக் கன்றை ஒருவர் குறை சொன்னோம். பச்சைக் கம்பு, காய்ந்த கம்பு, மூங்கில், சவுக்கு, இரும்புக் குழாய் எல்லாம் ஊன்றிப் பார்த்தாயிற்று. எல்லாம் உச்சிவேளைக்கு எழுந்து வந்து படுத்துக்கொண்டன. ஆபீசரம்மா மறுபடி வந்தாள். தன் கையாலேயே ஒரு கம்பை ஊன்றினாள். அது அவள் முகத்துக்கு நேரே எழுந்து படுத்ததும் கை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மண்ணுல குறை இல்லீங்க. கன்னுலயும் குறை இல்ல. அதுக்கு என்னமோ வேணும். என்னன்னு நீங்கதான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

என்ன வேண்டும் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. மேலத்தெரு செண்பகவல்லியின் தம்பி அக்காளைப் பார்க்க வந்தவன், மாடு ஓட்டக் கையில் கொண்டுவந்த கம்பை வேடிக்கையாகக் கன்றின் பக்கத்தில் குத்தி, "அக்கா வளக்குற மரத்துக்கு நான்தானே தாய்மாமன்? மருமவனே, நிமிந்து நில்லு," என்று சொல்லித் தன் துண்டைக் கிழித்துக் கட்டினான். மறுநாள் உச்சிவேளையில் ஊரில் உள்ள எல்லாக் கம்பும் படுத்தபோது அந்தக் கம்பு மட்டும் நின்றது. கன்றும் நிமிர்ந்து நின்றது. தெருவே கூடிப் பார்த்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. காது குத்தவும் முடி இறக்கவும் மாமன் மடி வேண்டும் என்றால், முதல் கம்பு ஊன்ற மாமன் கை வேண்டும் என்று கன்று கேட்பதில் என்ன தப்பு? நமக்குத்தான் புத்தியில்லை.

பிறகு செம்பியன்புலத்துக்கு மாமன்மார் வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே! திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஆளுக்கொரு கம்போடு ஏறினார்கள், கண்டக்டர் "கம்புக்காரங்க எல்லாம் பின்னால போங்க, கண்ணைக் குத்திடாதீங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். அக்காள் தங்கச்சி கல்யாணத்துக்கே வராத மாமன்கள் வந்தார்கள், வந்து எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசினார்கள். என் தம்பி, வீட்டில் கம்பு கிடைக்கவில்லை என்று சொல்லிக் குடையோடு வந்தான். அந்தக் குடையை ஊன்றியே என் கன்று நின்றது, மழைக்காலம் முடிகிறவரை அவன் நனைந்துகொண்டு திரிந்தான். கூடப் பிறந்தவன் இறந்துபோன பெண்களுக்கு அவன் மகன் வந்தான். கூடப் பிறந்தவனே இல்லாதவளுக்குச் சித்தி மகன் வந்தான், கன்று அவனையும் ஏற்றுக்கொண்டது. பள்ளிவாசல் தெரு ஜொஹராம்மாவுக்கு நாகூரிலிருந்து அவள் அண்ணன் ஒரு பழைய தோணித் துடுப்பைக் கொண்டுவந்தார். ஊன்றிய உடனே அதன் மேல் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது.

மாரியம்மன் கோயில் வாசலுக்குக் கொடுத்த வேப்பங்கன்றுக்கு யார் மாமன் என்றுதான் கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. பிறகு யாரோ, "அம்மனுக்கு அண்ணன் பெருமாள்தானே, இதிலே என்ன யோசனை?" என்றார்கள். பக்கத்து ஊர்ப் பெருமாள் கோயிலில் புயலில் முறிந்த பல்லக்குத் தண்டு ஒன்று கிடந்தது. பட்டர் அதைத் தோளில் சுமந்து, மேளத்தோடு, வெயிலில் நடந்தே வந்தார். அவர் அதைக் குழிக்குள் இறக்கிக் கை எடுத்ததும், தொங்கிக்கிடந்த வேப்பங்கன்று நாங்கள் பார்க்கப் பார்க்க மெல்ல மெல்ல நிமிர்ந்து, நுனியில் சிவப்பாக ஒரு கொழுந்து விட்டது. மேளக்காரர் அடிக்க மறந்து நின்றார். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எல்லா வீட்டுக் கன்றும் நின்றது, என் எதிர்வீட்டுத் தையல்நாயகியின் கன்றைத் தவிர.

தையல்நாயகிக்கு அண்ணன் இல்லாமல் இல்லை. ஆவராம்புலத்தில் உப்பளம் பார்க்கிற சித்திரவேல் அவள் கூடப் பிறந்த அண்ணன்தான். அப்பா அம்மா போனபிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். ஐந்தாறு வருஷத்துக்கு முன் அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளைக்குப் பூ வைக்க வேண்டிய அன்று, அவள் வேறு சாதிக்காரனான எங்கள் ஊர் பக்கிரிசாமியோடு பஸ் ஏறிவிட்டாள். சேதி தெரிந்ததும் சித்திரவேல் நடுத்தெருவில் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "தலைமுழுகிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை, ஒரு சேதி இல்லை.

அவள் கன்று புங்கன். கம்பில்லாத அந்தக் கன்றை அவள் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீரை ஆய்வாள், மாவு சலிப்பாள், போகிறவர் வருகிறவரோடு பேசுவாள். அவள் குளிக்கப் போனால் பக்கிரிசாமி பிடித்துக்கொள்வான். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது, கடல்காற்று கூடிக்கொண்டிருந்தது, அந்தக் காற்றுக்குக் கை எத்தனை நாள் தாங்கும்?

"விடேன்டி, வேற கன்னு கேட்டு வாங்கிக்கலாம்," என்றேன்.

"கன்னுக்காக இல்லக்கா," என்றாள் தையல்நாயகி. "இது விழுந்துடுச்சுன்னா எங்கண்ணன் என்னைத் தலைமுழுகுனது நெசமாயிடும். இதுவரைக்கும் அது கோவத்துல சொன்னதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

நானும் ஜொஹராம்மாவும் பட்டருமாக ஆவராம்புலத்துக்குப் போனோம். சித்திரவேல் பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பட்டர் மாரியம்மனையும் பெருமாளையும் பற்றி அழகாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்லீங்க, சாமி. தலைமுழுகியாச்சு," என்றார் சித்திரவேல்.

"தலைமுழுகுன தண்ணி இந்நேரம் காய்ஞ்சிருக்குமே தம்பி," என்றாள் ஜொஹராம்மா.

"காயலீங்க," என்றார் அவர். சொல்லிவிட்டு மறுபடி உப்பை வார ஆரம்பித்தார்.

திரும்பும்போது அவர் மனைவி இந்திராணி கொல்லைப் பக்கமாக ஓடிவந்து, வேலியிலிருந்து உருவிய ஒரு பூவரசங்கம்பை என் கையில் திணித்தாள். அதைக் கொண்டுவந்து ஊன்றினோம். உச்சிவேளை தாண்டியும் அது நின்றது. கன்று லேசாகத் தலையைத் தூக்கி, கம்பு யாருடையது, கை யாருடையது என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. தையல்நாயகி அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் கம்பு மெதுவாக, மனசில்லாமல், எழுந்து வந்து படுத்துக்கொண்டது.

அவள் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பக்கிரிசாமி அந்தக் கோணல் வேலையைச் செய்தான். தன்னோடு வேலை செய்கிற கலியமூர்த்தியைக் கூட்டிவந்து, தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, "இன்னைக்கிலேருந்து நீதான்டா தையலுக்கு அண்ணன்" என்று சொல்லிக் கம்பை ஊன்ற வைத்தான். பாவம் கலியமூர்த்தி, வேட்டியின் மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை, கம்பு எழுந்து அவன் கால்மேல் விழுந்தது. ஊரே சிரித்தது. தையல்நாயகி சிரிக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு பஸ் ஏறி, கண்டக்டர் வாய் வழியாக, ஆவராம்புலம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, வானம் கருத்து, காற்று ஊளையிட ஆரம்பித்த ஒரு மத்தியானம், மொபெட்டில் நீளமான ஒரு கம்பைக் கட்டிக்கொண்டு சித்திரவேல் எங்கள் தெருவுக்குள் வந்தார். மொபெட்டைக் கீழே போட்டார், நிறுத்தவில்லை, போட்டார்.

"எவன்டா அவன்?" என்று கத்தினார். "என் தங்கச்சி மரத்துக்கு மாமன் முறை செய்ய வந்தவன் எவன்டா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நாங்கள் போய்க் கெஞ்சியபோது அசையாத மனுஷன். ஜொஹராம்மா என் விலாவில் இடித்தாள். கலியமூர்த்தி எங்கே போனான் என்றே தெரியவில்லை. சித்திரவேல் யாரையும் பார்க்காமல், காற்று வருகிற பக்கம் தேடி, கம்பை ஓங்கி ஓங்கி இறக்கினார். மூட்டை கட்டுகிற கயிற்றை எடுத்து, உள்ளே இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டார். தையல்நாயகி வாசற்படியிலேயே நின்றாள், "அண்ணே" என்று வாய் மட்டும் அசைந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் மொபெட்டைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டார். அன்று அடித்த காற்றில் ஊரில் பாதி ஓடு பறந்தது. புங்கன் ஓர் இலைகூடச் சாயாமல் நின்றது.

ஆனால் கோபத்தில் போட்ட முடிச்சு அல்லவா? பொங்கலுக்குள் கன்று பருத்துவிட்டது, கயிறு அதன் கழுத்தை அறுக்க ஆரம்பித்தது, கட்டுக்கு மேலேயும் கீழேயும் பட்டை வீங்கியது. தளர்த்தலாம் என்று நாங்கள் கை வைத்தால் முடிச்சு நெகிழவில்லை. கத்தி வைத்தால் தண்ணீரில் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கட்டினவர் கை வந்தால்தான் அவிழும் என்று தெரிந்துபோயிற்று. கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பினோம்.

சித்திரவேல் வந்தார். வந்து, கயிறு பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தவர் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. "வலிச்சா சொல்றதுக்கென்னடா?" என்று மரத்தைத்தான் கேட்டார். விரல் பட்டதும் முடிச்சு இளகியது. கயிற்றை எறிந்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, எட்டுப் போட்ட மாதிரி மெத்தென்று கட்டினார். வாசலில் தங்கை நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

அதிலிருந்து தண்டு பருக்கிற போதெல்லாம் அவர் வந்து கட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. அவர் தங்கையோடு பேசமாட்டார், மருமகனோடு பேசுவார்.

"ஒன் அத்தைக்கு முழங்கால் வலிடா. ராத்திரியெல்லாம் தூங்கலை," என்பார் மரத்திடம்.

"ஒங்க மாமாகிட்ட சொல்லுடா, நொச்சித் தழைய வதக்கிக் கட்டச் சொல்லி," என்பாள் தையல்நாயகி, அதே மரத்திடம்.

"இந்த வருஷம் உப்பு நல்லா வெளஞ்சிருக்குடா."

"மாமா எளைச்சுப் போயிருக்காருடா. வேளைக்குச் சாப்பிடச் சொல்லு."

இருவர் பேசும்போதும் காற்றடித்தால்கூட அந்தப் புங்கன் இலை அசைக்காது. பேச்சு முடிந்து, மொபெட் தெருமுனை திரும்பினபிறகுதான் மரம் முழுக்க ஒரே சலசலப்பு. நான் எதிர்வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போல மனசை உருக்குகிற காட்சி வேறு இல்லை.

வருஷம் திரும்பியது. ஊரில் மரங்கள் கூரை உயரம் போய்விட்டன, மாமன்மார் மறுபடி பஸ் ஏறி வந்து கம்பைப் பிடுங்கினார்கள், கம்புகள் சொன்னபடி கேட்டு வந்தன, வீட்டுக்கு வீடு ஆட்டுக்கறி. என் தம்பி குடையை எடுத்துக்கொண்டு போனான். தையல்நாயகி மட்டும் சேதி அனுப்பவில்லை. இந்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். புங்கன் கம்பிலேயே சாய்ந்து நிற்கப் பழகிவிட்டது, உரசின இடத்தில் பட்டை போய் நீர் வடிந்தது.

ஆபீசரம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னுமா எடுக்கலை? இப்படியே விட்டா இது சொந்தக் கால்ல நிக்கவே நிக்காதும்மா. அடுத்த காத்துக்குக் கம்பும் மரமும் சேர்ந்து முறியும்."

அவள் போனதும் தையல்நாயகி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கம்பை எடுத்துட்டா அண்ணன் எதுக்குக்கா வரும்? கட்டைத் தளத்தத்தானே வருது," என்றாள். அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள், மரத்திடம் போய் வெகுநேரம் கை வைத்துக்கொண்டு நின்றாள், பிறகு தானே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். "கம்பை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கண்ணே," என்று கண்டக்டரிடம் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது.

சித்திரவேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். துணிக்கட்டை அவிழ்த்தார். கம்பைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஆட்டி இழுத்தார், வரவில்லை. பக்கிரிசாமி ஓடிவந்து ஒரு கை பிடித்தான். மைத்துனன் மாப்பிள்ளை இருவரும் முதன்முறையாக ஒரே கம்பைப் பிடித்து மூச்சுவாங்க இழுத்தார்கள். பிறகு தெருவே வந்து பிடித்தது. அன்றைக்குத் தானாக எழுந்து வந்து படுத்த கம்புகளைப் பார்த்த ஊர், இன்றைக்கு ஊரே சேர்ந்து இழுத்தும் அசையாத கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. மரம் அதை விடமாட்டேன் என்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

சித்திரவேல் எல்லாரையும் விலகச் சொன்னார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"விடுடா," என்றார். "கம்பு இருந்தாத்தான் வருவேன்னு நெனச்சியா? இது இல்லாட்டியும் வருவேன். தீபாவளிக்கு வருவேன், பொங்கலுக்கு வருவேன், சும்மாவும் வருவேன். சத்தியமா வருவேன். விடு."

கம்பு அவர் கையோடு வந்தது. ஈர மண்ணிலிருந்து கீரையைப் பிடுங்குகிற மாதிரி வந்தது. புங்கன் ஒரு பக்கம் சாய்ந்தது, நாங்கள் எல்லாரும் 'ஐயோ' என்றோம், மறுபக்கம் சாய்ந்தது, பிறகு குளித்துவிட்டு வந்தவள் தலைமுடியை உதறுகிற மாதிரி உச்சியை ஒரு உதறு உதறிவிட்டு, நேராக, தானாக நின்றது. அதன் நிழல் தெருவுக்குக் குறுக்கே விழுந்து என் வாசல்வரை வந்தது.

சித்திரவேல் கம்பைக் கீழே போட்டார். திரும்பினார்.

"சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார். இப்போது அவர் மரத்தைப் பார்க்கவில்லை.

"விழுந்துச்சுண்ணே," என்றாள் தையல்நாயகி.